அம்மாவுக்குச் சிகிச்சை, லீவு தர மறுக்கும் மனேஜர்: வேலையை விடுவதற்கு முன்

விசுவமட்டிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். கிளிநொச்சி நகரில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் கடன் உத்தியோகத்தராக இருக்கிறார். சேர்ந்து நான்கு வருடமும் எட்டு மாதமும் ஆகிறது. அம்மாவுக்குப் புற்றுநோய். தெல்லிப்பழையில் 25 நாள் கதிர்ச் சிகிச்சை எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்பா இல்லை, அண்ணா கனடாவில். லீவு கேட்கப் போனபோது கிளை முகாமையாளர் எல்லோருக்கும் முன்னால், "வீட்டுப் பிரச்சினையை வீட்டோட வைச்சுக்கொள்ளுங்கோ. ஏலாதெண்டா எழுதிக் குடுத்திட்டுப் போங்கோ" என்று சொன்னாராம். "மானம் போய்விட்டது, ராஜினாமாவைக் கொடுத்துவிடவா?" என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள், தங்கச்சி. குறைந்தது இந்த நான்கு மாதத்துக்கு அந்தக் கடிதத்தைத் தொடவே வேண்டாம்.

1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வீதம், வேலையைவிட்டுப் போகும்போது பணிக்கொடை கிடைக்கும். நான்கு மாதம் பொறுத்து ஐந்து வருடம் நிறைந்தால் உங்களுக்கு அது இரண்டரை மாதச் சம்பளம். இன்று எழுதிக் கொடுத்தால் ஒரு சதமும் இல்லை. மருந்துச் செலவும் வாகனக் கூலியும் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் காசை விட்டெறிய வேண்டுமா? இன்னொன்றும் இருக்கிறது. கையெழுத்து உங்களுடையதாக இருந்தால், என்னைத் துரத்தினார்கள் என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. "எழுதிக் குடுத்திட்டுப் போங்கோ" என்று சொல்பவர்களில் பலருக்கு இது நன்றாகவே தெரியும்.

அதே அளவுக்கு ஆபத்தான இன்னொரு வழி, கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது. அறிவிக்காமல் சில நாள் வராதவரை 'தானாகவே வேலையைக் கைவிட்டார்' என்று நிறுவனம் எழுதிவிடலாம். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நிற்கும் நாளிலும் ஒரு வரியாவது எழுத்தில் போயிருக்க வேண்டும்.

சரி, கையில் என்ன இருக்கிறது? உங்களைப் போன்ற அலுவலக ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கசுவல் லீவும் தருகிறது. கசுவல் லீவு சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்கும் நியாயமான வேறு காரணங்களுக்கும் உரியது. வருடாந்த லீவை எப்போது எடுப்பது என்பதில் நிறுவனத்துக்கும் சொல் உண்டு, ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. தாய் தகப்பனைப் பராமரிக்கவென்று தனியான லீவு தனியார் துறைச் சட்டத்தில் கிடையாது. வன்னியில் எத்தனை வீடுகளில் ஒரே ஒரு பிள்ளைதான் மிஞ்சி நின்று எல்லாவற்றையும் தாங்குகிறது என்பதை நினைத்தால் இது மனதை வருத்துகிற குறை. ஆனாலும் நிலைமை அதுதான். லீவு முடிந்தபின் தேவைப்படும் நாட்களைச் சம்பளமில்லாத லீவாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே கணக்கைப் பாருங்கள். வருடாந்த லீவில் ஒன்பதும் கசுவலில் நான்கும் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 13. சிகிச்சை திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து கிழமை. கதிர் பிடிப்பது சில நிமிட வேலைதான். விசுவமட்டிலிருந்து பரந்தன் வந்து, ஏ9 வழியாக யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெல்லிப்பழைக்கு இன்னொரு பஸ் ஏறி இறங்கித் திரும்புவதில்தான் நாள் முழுக்கப் போகிறது. உடம்பு இயலாத அம்மாவை இந்த வழியால் 25 தரம் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவருக்கே கூடாது. சுன்னாகத்தில் சின்னம்மா இருப்பதாகவும், கிழமைக்கு இரண்டு நாள் அவரால் கூட்டிப்போக முடியும் என்றும் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் பெறுமதியான வரி அதுதான். அம்மா கிழமை நாட்களில் சின்னம்மா வீட்டில் தங்கட்டும். செவ்வாய், வியாழன் சின்னம்மா போகட்டும். திங்கள், புதன், வெள்ளி நீங்கள். அப்படியென்றால் உங்களுக்குத் தேவை 15 நாள். 13 உங்களிடம் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது இரண்டே இரண்டு நாள். வார்டில் தங்கவைத்துச் சிகிச்சை தர இடமிருக்குமா என்றும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் இதுவும் குறையும்.

"அம்மாவுக்குச் சுகமில்லை, லீவு வேணும் சேர்" என்று கேட்டால், இவள் எத்தனை மாதம் வராமல் இருப்பாளோ என்றுதான் அவர் மனம் ஓடும். கலெக்சன் குறைந்தால் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்குத்தான் அழைப்பு வரும். எல்லோருக்கும் முன்னால் அப்படிப் பேசியதற்கு அது நியாயமே ஆகாது. ஆனால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்தால் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியும். மாதக் கடைசியில் கேட்க வேண்டாம். முதற்கிழமையில், காலையில், அவர் தனியே இருக்கும்போது ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு போங்கள். சிகிச்சை தொடங்கும் திகதியையும் எத்தனை நாள் என்பதையும் எழுதித் தரும்படி கிளினிக்கில் கேட்டால் தருவார்கள். உங்கள் விண்ணப்பம் இவ்வளவு இருந்தால் போதும்:

"எனது தாயாருக்குத் தெல்லிப்பழை வைத்தியசாலையில் ஐந்து கிழமை கதிர்ச் சிகிச்சை வழங்கப்படவுள்ளது. இக்காலத்தில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய 15 நாட்களுக்கு லீவு கோருகிறேன். வருடாந்த லீவு 9, கசுவல் லீவு 4, சம்பளமில்லாத லீவு 2. செவ்வாய், வியாழன், சனி வழமைபோல் கடமைக்கு வருவேன். எனது கடன் குழுக் கூட்டங்களை அந்நாட்களுக்கு மாற்றிக்கொள்கிறேன். அவசர வசூலைப் பார்க்கச் சக உத்தியோகத்தர் ஒருவர் சம்மதித்துள்ளார். வைத்தியசாலைக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது."

அழுகையும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். சக உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கதைத்துவிட்டு அந்த வரியை எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடமாட்டேன் என்றால் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். "சரி, பாப்பம்" என்பதை அனுமதி என்று நம்பிப் போய்விடாதீர்கள். அன்றைக்கே வட்ஸ்அப்பில், "சேர், காலையில் கதைத்தபடி லீவு விண்ணப்பம் தந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் முடிவைச் சொல்லுங்கள்" என்று போடுங்கள். மரியாதை குறையக்கூடாது. பின்னொரு நாள் வேறொருவர் இதைப் படிக்க நேரலாம்.

மறுபடியும் மற்றவர்களுக்கு முன்னால் கத்தினால், அந்த இடத்தில் பதிலுக்குப் பதில் வேண்டாம். "சேர், இதை உங்கட அறையில கதைப்பம்" என்ற ஒரு வசனம் போதும். அவர் என்ன சொன்னார், எப்போது, யார் நின்றார்கள் என்பதை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதல் நாள் சொன்னதையும் சேர்த்து.

அவர் எழுத்தில் மறுத்தாலோ பதிலே சொல்லாவிட்டாலோ, அதே விண்ணப்பத்தைப் பிராந்திய முகாமையாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் அனுப்புங்கள். அதில் முகாமையாளரைத் திட்ட வேண்டாம். விண்ணப்பம் கொடுத்த திகதியையும் பதில் வராததையும் எழுதினால் போதும். அதுவும் சரிவராவிட்டால் உங்கள் வேலையிடத்துக்குரிய தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். தொழில் உத்தியோகத்தருக்கு நிறுவனத்தை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் உண்டு. நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், விண்ணப்பப் பிரதி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். இது கடைசிப் படி. முதலாவதாக ஏறிவிட்டால் அதே கிளையில் பிறகு வேலை செய்வது கஷ்டமாகும்.

வேலையைவிட்டு நீக்கிவிடுவார்களோ என்ற உங்கள் பயத்துக்கும் பதில் இருக்கிறது. 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் சட்டம். அதையும் மீறி நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். எந்தத் தாளை நீட்டினாலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். "வீட்ட கொண்டுபோய் வாசிச்சிட்டுத் தாறன் சேர்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஐந்து வருடம் நிறைந்தபிறகும் அந்த இடம் வேண்டாம் என்று தோன்றினால், தாராளமாக வேறு வேலை பாருங்கள். இப்போது முதலில் சின்னம்மாவுக்கு ஒரு போன் எடுத்து, செவ்வாயும் வியாழனும் அவருக்குச் சரிவருமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதன்பிறகு விண்ணப்பத்தை எழுதுங்கள்.