பதில்: அமைலேஸ் சோதனையில் 20 நிமிடம் ஆகியும் நீலம் மறையவில்லை

அமைலேஸ் என்பது உமிழ்நீரில் உள்ள, ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி. ஸ்டார்ச் இருக்கும்வரை அயோடினில் நீலம் வரும். உங்கள் குழாயில் அந்த நீலம் மறையவில்லை, காப்பர் சல்ஃபேட் சேர்த்த குழாயிலும் வித்தியாசம் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டார்ச்சைக் காய்ச்சிய சூட்டோடு உமிழ்நீரைச் சேர்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது. 60 டிகிரிக்கு மேல் அமைலேஸ் புரதத்தின் மடிப்பு (வடிவம்) குலைந்துவிடும். பிறகு ஆறவைத்தாலும் வேலை செய்யாது. 37 டிகிரிக்கு இறங்கியபின் சேருங்கள்.

மீதிப் பாதி, நீங்கள் உமிழ்நீரில் கலந்த காய்ச்சி வடித்த நீர். உமிழ்நீர் அமைலேஸுக்கு, உப்பில் உள்ள குளோரைடு அயனி ஒட்டினால்தான் முழு வேகம் வரும். உமிழ்நீரில் இருந்த கொஞ்சக் குளோரைடையும் நீங்கள் நீர்க்கவைத்துவிட்டீர்கள். 1% ஸ்டார்ச் 5 மி.லி., பி.எச் (அமில, கார அளவு) 6.8 பாஸ்பேட் பஃபர் (பி.எச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) 2 மி.லி., 1% உப்புக் கரைசல் 1 மி.லி., பத்து மடங்கு நீர்த்த உமிழ்நீர் 1 மி.லி. என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து, வெள்ளை ஓட்டில் உள்ள அயோடினில் விடுங்கள். நீலம், ஊதா, பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள். முதல் நிமிடத்திலேயே மஞ்சள் வந்தால் உமிழ்நீரை இன்னும் நீர்க்க வேண்டும்.

காப்பர் சல்ஃபேட் குழாயில் வித்தியாசம் தெரியாததற்கு முதல் காரணம், ஒப்பிட வேண்டிய, செம்பு இல்லாத குழாயிலேயே நொதி செத்துக் கிடந்தது. தவிர, பாஸ்பேட்டோடு செம்பு சேர்ந்து வெளிர்நீலமாகப் படிந்துவிடும், நொதிக்கு எட்டுவது குறைவு. செம்பு உள்ளது, இல்லாதது என்ற அந்த ஜோடிக் குழாய்கள் இரண்டிலும் பஃபருக்குப் பதில் நீர் விடுங்கள். செம்பை 0.1%க்கு மேல் கூட்டாதீர்கள். கரைசல் அமிலமாகிவிட்டால், வேகத்தை நிறுத்தியது செம்பா பி.எச்சா என்று பிரிக்க முடியாது. செம்பை நொதியோடு 5 நிமிடம் ஊறவிட்டுப் பிறகு ஸ்டார்ச் சேருங்கள்.

செம்பு, அயோடின் கரைசலில் உள்ள அயோடைடோடும் வினைபுரிந்து சொட்டைக் கலங்கவைக்கும். ஆகவே நொதியில்லாத செம்புக் குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

செம்பு நொதியைத் தடுப்பது போட்டித் தடை இல்லை, அதாவது ஸ்டார்ச் அமரும் இடத்துக்குச் செம்பு போட்டியிடுவதில்லை. ஸ்டார்ச்சை இரட்டிப்பாக்கினாலும் வேகம் மீளாது.