உரம் வாங்குவோர் கேள்வி-பதில்: வேர் எடுத்துக்கொள்ளாததற்கு எதற்குப் பணம்?

கேள்வி: பக்கத்து வயல் நெல் என்னுடையதைவிடக் கரும்பச்சையாக இருக்கிறது. எந்த நிறுவனத்தின் யூரியா வீரியமானது? வாங்கிய மூன்று மூட்டையையும் ஒரே தடவையில் போடலாமா?

பதில்: எந்த நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருந்தாலும் யூரியாவில் இருப்பது 46 விழுக்காடு தழைச்சத்துதான், அதாவது நைட்ரஜன். மூட்டையின் மேல் எழுதியிருப்பதைக்கூடப் படிக்காமல் வீரியத்தைத் தேடாதீர்கள். வயலில் விழுந்த யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. தேங்கிய நீரில் நிற்கும் நெல், தழைச்சத்தைப் பெரும்பாலும் அந்த வடிவில்தான் உறிஞ்சுகிறது. வேர் எடுத்தது போக மிஞ்சுவதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்; நைட்ரேட்டாக மாறும் பகுதி காற்றில்லாத சேற்றுக்குள் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறிவிடும். வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டையை உங்கள் பயிரோடு ஒப்பிட்டு, வெள்ளைப் பொன்னியானால் 3, பிற ரகங்களானால் 4 என்ற நிறத்துக்குக் கீழே இறங்கும்போது மட்டும் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: யூரியா வேண்டுமானால் வளர்ச்சி ஊக்கி ஒரு பாட்டிலும் வாங்கியாக வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: வாங்காதீர்கள், வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

கேள்வி: நாற்று நட்ட மூன்றாம் வாரத்தில் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. துத்தநாக சல்பேட் வாங்கிப் போட்டும் மாறவில்லை. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: அப்படித்தான் அஞ்சுகிறேன், உங்கள் இழப்புக்காக வருந்துகிறேன். நீர் தேங்கிய மண்ணில், குறிப்பாகச் சுண்ணாம்பு மிகுந்த களர் நிலத்தில், துத்தநாகம் கரையாத வடிவத்துக்குப் போய்விடுவதால் வேருக்கு எட்டுவதில்லை. வட இந்தியாவின் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1966-இல் நெல்லின் கைரா நோய்க்குக் காரணம் இந்தத் துத்தநாகக் குறைவே என்று கண்டறிந்தார்கள். அடியுரமாக டி.ஏ.பி.யுடன் (டை அம்மோனியம் பாஸ்பேட்) கலந்து போட்டிருந்தாலும் அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அப்படிச் செய்தீர்களா என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். இல்லையென்றால் கலப்படத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மலிவான மெக்னீசியம் சல்பேட்டைத்தான் இதில் கலக்கிறார்கள். கரைசலில் காஸ்டிக் சோடா சேர்த்தால் இரண்டிலும் வெண்படிவு வரும். மேலும் சேர்த்தால் துத்தநாகப் படிவு கரைந்துவிடும், மெக்னீசியப் படிவு அப்படியே நிற்கும். சோதனையை ஆய்வகத்தில் செய்வதே பாதுகாப்பு.

ரசீது வைத்திருக்கிறீர்களா? சில ஆண்டுகளுக்கு முன் நான் ரசீதில்லாமல் வாங்கிய துத்தநாக சல்பேட்டும் பயிரில் எந்த மாற்றத்தையும் காட்டவில்லை. தான் விற்கவே இல்லை என்று அந்தக் கடைக்காரர் சாதித்தார். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ரசீது தருவது விற்பவரின் கடமை, கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. மிச்சமுள்ள பையைப் பிரிக்காமல் உர ஆய்வாளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கதிர் வரும் பருவத்தில் டி.ஏ.பி.யை மேலுரமாகத் தூவலாமா?

பதில்: வேண்டாம். மணிச்சத்து விழுந்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டர்கூட எளிதில் நகராது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். அதனால்தான் அது அடியுரம்.