கிளாரினெட்டை யாரை நம்பி ரிப்பேருக்குக் கொடுப்பது?

கேள்வி: மாமா கொடுத்த பழைய மரக் கிளாரினெட்டில் வாசித்துப் பழகுகிறேன். மேல் ஸ்வரங்கள் பரவாயில்லை. கீழே போகப் போகச் சத்தமே எழும்புவதில்லை, சில நேரம் கீச்சென்று கத்துகிறது. ஒரு கடையில் கொடுத்தேன். துளைகளை மூடும் சின்ன மெத்தையான பேட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம் என்று பெரிய தொகை வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் நன்றாக இருந்தது, இப்போது மறுபடி பழைய கதை. இனி யாரிடம் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. நம்பகமான ரிப்பேர்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பயப்படுவது புரிகிறது. ஆனால் வேறு ஆளைத் தேடுவதற்கு முன்னால் அதே கடைக்கு ஒரு முறை திரும்பப் போங்கள். புது பேட் ஈரமும் அழுத்தமும் பட்டுப் பட்டு மெல்ல அமுங்கும். அதனால் எல்லா பேடும் மாற்றிய கருவிக்கு இரண்டு மூன்று வாரத்தில் சின்ன சரிபார்ப்பு தேவைப்படுவது சகஜம். நல்ல டெக்னீஷியன் கருவியைக் கொடுக்கும்போதே "கொஞ்ச நாள் வாசித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அனுப்புவார். அதை அவர்கள் சொல்லவில்லை, சரி. இப்போது போய் நிற்கும்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கருவியை வாங்கி எந்த இடத்தில் காற்று கசிகிறது என்று தேடினால் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். கையில் வாங்கிப் பார்க்காமலே "உங்களுக்கு ஊதத் தெரியவில்லை" என்றாலோ, மறுபடி முழுப் பணம் கேட்டாலோ அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். முதல் வேலையில் எல்லோருமே நல்லவர்கள்தான், திரும்பி வந்த வேலையை ஒருவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் ஆள் தெரியும்.

போவதற்கு முன்னால் கோளாறு கருவியில்தான் என்று நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். புது ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) ஒன்று போட்டுப் பாருங்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஊதச் சொல்லுங்கள், அவர் ஊதினாலும் அதே இடத்தில் திணறினால் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம் மேல் துண்டை மட்டும் தனியாகக் கழற்றி, இடது கை விரல்களால் துளைகளை எல்லாம் மூடி, அடிப்பக்கத்தை வலது உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, மேல்முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உள்ளே இழுப்பு சில விநாடி நிற்க வேண்டும். உடனே விட்டுப்போனால் கசிவு இருக்கிறது. கிளாரினெட்டில் கீழ் ஸ்வரத்துக்குப் போகப் போக ஒவ்வொரு துளையாக மூடிக்கொண்டே போகிறோம். கடைசி ஸ்வரமான கீழ் ஈ-க்கு (E) எல்லாத் துளையும் மூடியிருக்க வேண்டும், எனவே எங்கே சின்னக் கசிவு இருந்தாலும் அது கீழேதான் முதலில் தெரியும். விரலை நெரித்து அழுத்தினால் மட்டும் சத்தம் வருகிறது என்றால் அதையும் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

சரி, புது ஆள்தான் வேண்டும் என்றால் எங்கே தேடுவது? கருவி விற்கிற கடையில் விசாரித்தால் அவர்கள் வேலை கொடுத்து வாங்குகிற ஆளைத்தான் காட்டுவார்கள், அவர் யார் என்று பார்க்கக்கூட உங்களுக்கு வாய்ப்பு இருக்காது. கிளாரினெட் வாசித்துப் பிழைப்பவர்களையும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களையும் கேளுங்கள். "யார் நல்ல ரிப்பேர்காரர்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், காதில் விழுந்த பெயரைச் சொல்லிவிடுவார்கள். "உங்கள் கருவியை யாரிடம் கொடுக்கிறீர்கள்? எத்தனை வருடமாக? சரியாக வராமல் திரும்பக் கொண்டுபோயிருக்கிறீர்களா, அப்போது என்ன செய்தார்?" என்று கேளுங்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போகலாம். டிரம்பெட்டின் நசுங்கலை நிமிர்த்துவதில் கெட்டிக்காரராக இருப்பவருக்குக் கிளாரினெட் பேட் கைவராமல் இருக்கலாம், அது வேறு வேலை. மரத்தில் செய்த கிளாரினெட்டுகளைத் தொடர்ந்து பார்க்கிறவரா என்று நேராகவே கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

முதல் சந்திப்பில் அவர் பேசுவதைவிடச் செய்வதைக் கவனியுங்கள். உங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாரா? தானும் ஊதிப் பார்க்கிறாரா? குச்சி நுனியில் ஒட்டிய மெல்லிய காகிதத்தையோ பிளாஸ்டிக் இழையையோ பேடுக்கு அடியில் வைத்து, கீயை (பேடைத் தாங்கி அசையும் உலோக நெம்புகோலை) மெதுவாக மூடி, இழுத்துப் பார்ப்பார்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. அல்லது உள்ளே ஒரு விளக்கை விட்டு வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். இதில் ஏதாவது ஒன்றைச் செய்து, "இதோ, இங்கே" என்று உங்களுக்குக் காட்டுகிறவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம். எதையும் சோதிக்காமல் "எல்லா பேடும் போயிடுச்சு, மாத்தணும்" என்பவரிடம் வேண்டாம்.

பேட் என்பதைப் பழையதை எடுத்துப் புதியதை ஒட்டிவிடும் சாமானாகப் பலர் நினைக்கிறார்கள், உங்கள் கருவிக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. கீ தேய்ந்து கம்பியில் ஆடிக்கொண்டிருந்தால் பேட் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போய் உட்காரும், எத்தனை புது பேட் போட்டாலும் கசியும். முதலில் அந்தக் கீயின் குழாயை இறுக்கி ஆட்டத்தை எடுக்க வேண்டும். துளையின் விளிம்பு உடைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், துண்டுகள் சேரும் இடத்தில் கார்க் தேய்ந்து தொளதொளவென்று இருக்கலாம். இதையெல்லாம் அவர் பார்த்தாரா என்று கேளுங்கள். கீயைக் கையால் வளைத்து பேடைப் பலவந்தமாக அமுக்கி உட்கார வைக்கிறவர்களும் உண்டு, அது சில நாள் நிற்கும், அவ்வளவுதான்.

என்னென்ன செய்யப் போகிறார், எவ்வளவு ஆகும், எப்போது தருவார் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு புதிதாக ஏதாவது தெரிந்தால் உங்களைக் கேட்காமல் தொடக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். குறிப்பாக, துளைகளைச் சுரண்டிப் பெரிதாக்குவது, மரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம், எடுத்த மரம் திரும்ப வராது. கழற்றிய பழைய பேடுகளைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்கும் முன்னால் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, இரண்டு துண்டுகளிலும் பொறித்திருக்கும் எண்ணையும் குறித்து வையுங்கள். முடிந்தால் முதலில் ஒரு சின்ன வேலையை மட்டும் கொடுத்துப் பாருங்கள், ஒரு கார்க் மாற்றுவது போல. வேலை சுத்தமாக இருந்தால் பெரியதைக் கொடுக்கலாம்.

திரும்ப வாங்கும்போது உங்கள் ரீடும் மௌத்பீஸும் கையில் இருக்கட்டும். அவர் முன்னாலேயே, விரலை லேசாக வைத்து, கீழ் ஈ வரை மெதுவாக இறங்கி வாருங்கள். வலது சுண்டுவிரலை எடுத்துவிட்டு இடது சுண்டுவிரல் கீயை மட்டும் அழுத்தியும் அந்த ஈ வர வேண்டும், கீழ்த் துண்டின் இரண்டு பெரிய பேடும் ஒரே சமயத்தில் மூடுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். அப்புறம் கட்டைவிரலோடு இரண்டு கையின் ஆள்காட்டி விரல்களை மட்டும் மூடி ஒரு ஸ்வரம் வாசியுங்கள், மேல் துண்டும் கீழ்த் துண்டும் சரியாக இணைந்து வேலை செய்கிறதா என்று அது காட்டும். அவசரப்படுத்தினால் பொருட்படுத்தாதீர்கள்.

இன்னொன்று. பழைய மரக் கருவி என்பதால் மேல் துண்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் டிரில் கீ (இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்க உதவும் கீ) துளைகளை ஒட்டித்தான் விடும். விரிசல் என்றதும் கலங்க வேண்டாம், நிரப்பி முள் வைத்தோ பட்டை கட்டியோ சரிசெய்யக்கூடியதுதான். சுருதியையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கருவிகள் சிலவற்றில் ஹெச்பி (HP, ஹை பிட்ச், அதாவது உயர்ந்த சுருதி) என்று முத்திரை இருக்கும். அவை ஏ (A) ஸ்வரம் 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 450-க்கும் மேல் இருந்த காலத்தின் சுருதிக்குச் செய்தவை, இன்றைய கருவிகளோடு சேராது, எந்த ரிப்பேரும் அதை மாற்றாது. அப்படி இருந்து, "இதில் பணம் போடாதீர்கள்" என்று ஒருவர் தனக்கு வரும் வேலையை வேண்டாம் என்று சொன்னால், மாமாவின் கருவி என்ற வருத்தம் இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய நம்பரை வாங்கி வையுங்கள், அடுத்த கிளாரினெட் வாங்கும்போது முதலில் அவரிடம்தான் காட்ட வேண்டும்.