போட்டோவிலிருந்து மரச் செதுக்கல்: சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு மெசின்) கேள்வி பதில்

புதுக்குடியிருப்பிலிருந்து: அண்ணை, அம்மாவின்ர படமெண்டு எங்களிட்ட இருக்கிறது பழைய அடையாள அட்டைப் படம் ஒண்டுதான், கறுப்பு வெள்ளை. அதை அப்பிடியே மென்பொருளில போட்டு வெட்டினம். தலைமயிர் கிடங்காப் போச்சு, பொட்டு ஓட்டையாத் தெரியுது, மூக்கு நுனி மட்டும் கூரா நிக்குது. எங்க பிழை?

மெசினில் பிழையில்லை, தங்கச்சி. மென்பொருள் வெளிச்சத்தை உயரமாக வாசித்திருக்கிறது. அதற்கு வெள்ளை என்றால் மேடு, கறுப்பு என்றால் பள்ளம். அம்மாவின் கூந்தல் கறுப்பு, அதனால் குழியாயிற்று. மூக்கில் வெளிச்சம் பட்டிருந்தது, அதனால் நுனி எழும்பிற்று. படத்தில் இருப்பது நிறம். மரத்துக்கு வேண்டியது உருவம். அதற்கு, எந்த இடம் எவ்வளவு உயரம் என்று வெள்ளை கறுப்பால் காட்டும் ஆழப்படம் என்று தனியாக ஒன்று தயாரிக்க வேண்டும்.

முதலில் படத்தை ஸ்கானரில் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். கைபேசியில் எடுத்தால் பளபளப்பு விழும். பின்னணியை முழுதாக வெட்டி நீக்குங்கள். விட்டால் இருக்கும் ஆழத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். பிறகு 'டெப்த் எனிதிங்' போன்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் முகத்தின் பொது வடிவம் கிடைக்கும். அதோடு வேலை முடியாது. நேராகப் பார்க்கும் முகத்தில் மூக்கும் கன்னமும் பெரும்பாலும் தட்டையாகவே வரும். 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண மென்பொருளில் மூக்குத்தண்டு, இமை, உதட்டோரம் மூன்றையும் கையால் உயர்த்துங்கள். அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கண்மணியைச் சிறு குழியாக்குங்கள். அங்கே விழும் நிழல்தான் பார்வையைத் தரும். பொட்டை மெல்லிய மேடாக வையுங்கள். கடைசியில் பழைய படத்தின் சாயலை 5 முதல் 10 வீதம் வரை தலைமயிரிலும் புருவத்திலும் மட்டும் கலந்தால் மயிரிழை தெரியும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: கன்னத்தில வரம்பு கட்டின மாதிரிப் படி படியா வருது. பிற் தேஞ்சதோ?

பிற் (மரத்தை வெட்டும் அலகு) காரணமல்ல. 8 பிட் ஆழப்படத்தில் இருப்பது 256 உயர மட்டங்கள்தான். 10 மி.மீ. ஆழத்தை 256ஆல் பிரித்தால் ஒரு படி ஏறக்குறைய 0.04 மி.மீ. பக்க வெளிச்சத்தில் கண் அதைப் பிடித்துவிடும். 16 பிட் பிஎன்ஜி படமாகவோ எஸ்டிஎல் என்ற முப்பரிமாணக் கோப்பாகவோ சேமியுங்கள். சின்னச் சதுரங்கள் தெரிந்தால் அது ஜேபெக் சுருக்கத்தின் அடையாளம். ஏற்கெனவே 8 பிட்டில் இருப்பதை 16க்கு மாற்றினால் மட்டும் படி போகாது. மாற்றியபின் மென்மையாக்க வேண்டும்.

மாங்குளத்திலிருந்து: வீட்டில முதிரைப் பலகை கிடக்கு. பாவிக்கலாமோ?

கதவுக்கும் நிலைக்கும் முதிரையை மிஞ்ச மரமில்லை. முகத்துக்கு வேண்டாம். அதன் இழை மாறி மாறி ஓடுவதால் மெல்லிய இடங்களில் பிய்க்கும். அலை அலையான கோலமும் முகபாவத்தை மறைக்கும். மகோகனி நல்லது. தேக்கு வெட்டலாம், ஆனால் அதிலுள்ள சிலிக்கா பிற்றை விரைவில் மழுக்கும். ஈரப்பதம் 12 வீதமளவில் இருக்கட்டும். பச்சைப் பலகையின் ஒரு பக்கத்தை மட்டும் குடைந்தால் அது வளையும்.

வன்னி மரத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சண்டை நடந்த காணிகளில் நின்ற மரத்துக்குள் செல் துண்டும் சன்னமும் இருக்கலாம். மரக்காலையில் அரிந்து வந்த பலகை என்றாலும் நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் உலோகம் காட்டும் கருவியை ஓட்டுங்கள். வெட்டும்போது நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், பக்கத்தில் இரும்பு இருக்கலாம். கார்பைட் பிற்றின் நுனி இரும்பில் ஒருமுறை பட்டால் போதும், உடைந்துவிடும்.

கிளிநொச்சியிலிருந்து: 12க்கு 8 அங்குலம் வெட்ட எவ்வளவு நேரம்? எந்தெந்த பிற்?

முதலில் 6 மி.மீ. தட்டை பிற்: ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழம், 0.5 மி.மீ. மிச்சம் விடுங்கள். அடுத்தது நுனி ஆரம் 1 மி.மீ. உள்ள கூம்பு உருண்டை பிற், 0.2 மி.மீ. இடைவெளியில், இழையோட்டத்தின் திசையில். 200 மி.மீ. அகலத்துக்கு 1000 ஓட்டம், ஒவ்வொன்றும் 300 மி.மீ.; மொத்தம் 300 மீற்றர். நிமிடத்துக்கு 2500 மி.மீ. என்றால் கணக்கில் 2 மணி. ஏறி இறங்கும் இடங்களில் மெசின் வேகம் குறைவதால் 3 மணிக்கு மேலும் போகும். கண், உதடு இரண்டுக்கும் மட்டும் 0.5 மி.மீ. ஆரமுள்ள பிற்றை 0.1 இடைவெளியில் ஓட்டுங்கள். முழுப் பலகைக்கும் அதை ஓட்டுவது வீண்.

மல்லாவியிலிருந்து: இடையில கரண்ட் போனா?

கணினிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மட்டும் யூபிஎஸ் வைப்பது ஆபத்து: ஸ்பின்டில் (பிற்றைச் சுழற்றும் மோட்டார்) நின்றபின்னும் அச்சுகள் ஓடும், பிற் முறியும். ஸ்பின்டில் நின்றால் ஓட்டமும் நிற்கும்படி வயர் செய்யுங்கள். பலகையின் மூலையில், படத்துக்கு வெளியே, தொடக்கப் புள்ளியில் ஒரு சிறு துளை போட்டு வையுங்கள்; கரண்ட் வந்தபின் பிற்றை அதே இடத்தில் மறுபடி நிறுத்த அது உதவும். வெட்டும் கணினிக் கோப்பு ஒன்றையே மூன்று துண்டாகப் பிரித்தால் இழப்பு குறையும்.

நெடுங்கேணியிலிருந்து: வார்னிஷ் அடிச்சதும் முகம் மங்கிப் போச்சு.

மினுக்கம் நிழலைக் கொன்றுவிட்டது. மினுக்கமில்லாத சீலர் (மரத்துளைகளை அடைக்கும் பூச்சு) ஒரு மெல்லிய பூச்சு பூசுங்கள். காய்ந்தபின் கபிலச் சாயத்தைத் தடவி, மேடுகளிலிருந்து மட்டும் துணியால் துடைத்தெடுங்கள். மண்தாள் போட்டு மூக்கையும் இமையையும் தேய்க்காதீர்கள். நைலோன் பிரஷ் போதும். படத்தை யன்னலுக்கு எதிரே மாட்டாமல், வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும் சுவரில் மாட்டுங்கள்.