படகுக்குள் இரண்டு பகடை

கேள்வி: ஜப்பானில் மீன்பிடிப் படகு கட்டும்போது உள்ளே பெண்ணின் தலைமுடி, காகிதப் பொம்மை, பகடை எல்லாம் வைத்து மூடுவார்களாமே? புல்லட் ரயில் விடுகிற நாட்டில் இப்படி ஒரு மூடநம்பிக்கையா?
– வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: புல்லட் ரயிலை விடுங்கள். மூடநம்பிக்கைக்கு அப்புறம் வருகிறேன். பகடை என்று எழுதினீர்களே, அதைப் பேசுவோம்.

அந்தப் பொதிக்கு ஃபுனதமா என்று பெயர். படகின் உயிரே அதுதான் என்பது அந்த மீனவர்களின் நம்பிக்கை. பாய்மரம் நிற்கும் அடிக்கட்டையில் குழி எடுத்து, ஆணும் பெண்ணுமாக இரண்டு காகிதப் பொம்மை, கொஞ்சம் தலைமுடி, ஐந்து வகைத் தானியம், 12 காசு, கூடவே இரண்டு பகடை வைத்து மூடுவார்கள். ஊருக்கு ஊர் சிறு மாற்றம் உண்டு. ஆனால் பகடையை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 1 வானத்தைப் பார்க்க வேண்டும், 6 கீழே. 3 அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும், 4 பின்பக்கம். இரண்டு பகடையிலும் 2 என்ற பக்கம் உள்ளே ஒன்றையொன்று பார்க்க, 5 இரண்டும் வெளியே இருபுறமும் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒரே மாதிரியான இரண்டு லூடோ பகடை இருந்தால் எடுத்து இப்படி வைத்துப் பாருங்கள். வராது. இந்த அலுவலகத்தில் துணை ஆசிரியர்கள், அச்சுக்கோப்புக்காரர், தேநீர் கொண்டுவரும் தம்பி வரை எல்லோரும் முயன்றார்கள். தம்பிதான் கண்டுபிடித்தார்: "சார், ரெண்டும் ஒரே அச்சு. ஒண்ணுக்கு ரெண்டு உள்ளே வந்தா இன்னொண்ணுக்கு வெளியேதான் போகும். கண்ணாடியில தெரியுற மாதிரி ஒண்ணு வேணும்." அதேதான்! ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான ஜோடி வேண்டும். கடைப் பகடை உதவாது. படகு கட்டும் ஆசாரியே மரத்தில் செதுக்குவது வழக்கம். அவரேதான் அதை ஆள் பார்க்காமல் உள்ளே வைப்பார்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பலகை அறுத்து, ஆணி அடித்து, அந்தப் படகில் ஏறப்போகிறவர்களை முகம் தெரிந்து வைத்திருக்கிற ஆள் தன் கையால் வைக்கிற பொருள் அது. கடலில் போவது சூதாட்டம் என்று அவருக்குத் தெரியும். அதனால் பகடையை உருட்ட விடாமல், விழ வேண்டிய எண்ணை அவரே வைத்து மூடிவிடுகிறார். இதை நான் மதிக்கிறேன்.

நான் மதிக்காதது வேறு. ராசிக்கல், அதிர்ஷ்டப் பொம்மை விளம்பரம் இந்தப் பத்திரிகையில் வராது என்று பல முறை எழுதிவிட்டேன். அதற்காக ஒரு விளம்பரதாரர் என்னோடு இன்றும் பேசுவதில்லை. பேச வேண்டாம். வாங்குகிறவர் யார், அவருக்கு என்ன கஷ்டம் என்று தெரியாமல் தபாலில் அனுப்பி வைக்கிற அதிர்ஷ்டத்துக்கு நான் இடம் தரமாட்டேன்.

சரி, கைக்குத் தெரிந்த பொருள் என்றதும் நினைவுக்கு வருகிற ஒரு தூண்டிலுக்கு வருவோம். 712-இல் தொகுக்கப்பட்ட ஜப்பானியப் புராண நூலான 'கோஜிகி'யில் ஒரு கதை. தம்பி ஹோவோரி, அண்ணன் ஹோதேரியின் தூண்டில் முள்ளை இரவல் வாங்கிக் கடலில் தொலைத்துவிடுகிறான். தன் வாளை உடைத்து 500 முள் செய்து தருகிறான். அண்ணன் வாங்கவில்லை. 1,000 செய்து தருகிறான். அதையும் வாங்கவில்லை; என் முள்தான் வேண்டும் என்கிறான். கதை தம்பியை நாயகனாக்கி, கடலரசன் மாளிகைக்கு அனுப்பி, 'தாய்' என்று ஜப்பானியர் சொல்லும் மீனின் தொண்டையிலிருந்து முள்ளை மீட்டுத் தருகிறது. நமக்குத் தெரிந்த சங்கரா மாதிரிச் சிவப்பு மீன் அது. என்னைக் கேட்டால் நியாயம் அண்ணன் பக்கம். கைக்குப் பழகிய கருவிக்கு ஆயிரம் புது முள் ஈடாகாது.

வடகிழக்கு ஜப்பானின் சான்ரிக்கு கடற்கரை மீனவர்களும் என் கட்சிதான் என்று நினைக்கிறேன். கடல் நாக தெய்வத்துக்கு இரும்பு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. கத்தியோ வேறு இரும்புச் சாமானோ தவறிக் கடலில் விழுந்தால், அதைப் படமாக வரைந்து கோயிலில் வைத்து மன்னிப்புக் கேட்பார்கள்.

மியே மாகாணத்தில் முத்துக்குளிப்பவர்களைப் போல மூச்சடக்கி மூழ்கும் அமா பெண்கள் இருக்கிறார்கள். தலைத்துணியிலும், பாறையில் ஒட்டிய சிப்பியைப் பெயர்க்கும் இரும்பிலும் இரண்டு குறி போட்டுக்கொள்வார்கள். ஒன்று, கை எடுக்காமல் வரைந்து தொடங்கிய இடத்துக்கே வரும் ஐந்துமுனை நட்சத்திரம். போனவள் அதுபோல் திரும்பி வர வேண்டும். இன்னொன்று கட்டம் கட்டமான வலை. அத்தனை கண்ணும் காவல் பார்க்கும். எதிலிருந்து காவல்? தொமோகாசுகி என்ற பேயிடமிருந்து. மூழ்குகிறவளைப் போலவே உருவெடுத்து ஆழத்தில் நின்று, 'இந்தா' என்று அபலோன் சிப்பியை நீட்டும். வாங்கப் போனால் உயிர் போகும். மூச்சு முடியும் நேரத்தில் இன்னும் ஒரு சிப்பிக்கு ஆசைப்படுகிற பெண்ணுக்கு இதைவிடத் தெளிவாக யார் எச்சரிக்கை சொல்லியிருக்கிறார்கள்?

இப்போது உங்கள் மூடநம்பிக்கை. 2018 பிப்ரவரியிலிருந்து ஜப்பானில் சிறு படகின் மேல்தளத்தில் இருப்பவர்கள் உயிர்காப்பு அங்கி அணிவது பொதுவாகக் கட்டாயம். ஃபுனதமா இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. நம்பிக்கையையும் அங்கியையும் ஒரே படகில் வைக்க அவர்களுக்கு முடிகிறது. அங்கியைக் கழற்றச் சொல்கிற நம்பிக்கை எதுவானாலும் அதை எதிர்த்து எழுத நான் தயார்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. தூண்டிலும் அந்த 'தாய்' மீனும் ஏந்திச் சிரிக்கும் எபிசு, மீனவர்களின் தெய்வம். பல ஊர்களில், கடலில் மிதக்கும் முகம் தெரியாத பிணத்தையும் எபிசு என்றே சொல்வார்கள். விட்டுவிட்டுப் போகக் கூடாது. படகில் ஏற்றிக் கரை சேர்த்தால் மீன்பாடு நன்றாக விழும் என்பது நம்பிக்கை. ஏற்றும்போது ஒருவர் பிணத்தைப் பார்த்து, 'எங்களுக்கு மீன் தருவாயா?' என்று கேட்பார். பிணத்துக்குப் பதிலாக இன்னொருவர் 'தருகிறேன்' என்பார். வலை இழுக்கும் நேரத்தையும் வருமானத்தையும் விட்டு, யாரோ பெற்ற பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வைத்த நம்பிக்கை அது. அதை ஒழிக்கச் சொல்லி என்னால் ஒரு வரி எழுத முடியாது.