டைப்புக்குப் பெயர் வைக்க டைப்டெஃபா, மேக்ரோவா?

சி மொழியில் ஒரு டைப்புக்கு (தரவு வகைக்கு) நாமே பெயர் வைக்க டைப்டெஃப் வேண்டுமா, ஹாஷ் டிஃபைன் போட்டு எழுதும் மேக்ரோ போதாதா, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று இல்லை. டைப்டெஃப்தான் என்பேன், பட்டுத் தெரிந்துகொண்டது.

யாரோ எழுதிய ஒரு பழைய புரோகிராம் கோடு என் கைக்கு வந்தது. அதில் ‘சார் *’ என்பதற்கு, அதாவது எழுத்து இருக்கும் நினைவக முகவரியை வைக்கும் பாயின்டருக்கு, ‘சரம்’ என்று ஒரு மேக்ரோ. நானும் ‘சரம் முதல், கடைசி;’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். கம்பைலருக்கு முன் மேக்ரோக்களை விரிக்கும் ப்ரீபிராசசருக்கு டைப் என்றால் என்னவென்றே தெரியாது. பெயரை எடுத்துவிட்டு எழுத்தை ஒட்டும், அவ்வளவுதான். கம்பைலர் கண்ட வரி ‘சார் *முதல், கடைசி;’. ஸ்டார் முதலோடு போய்விட்டது, கடைசி வெறும் ஒரு பைட் சார். மேலாக் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) தந்த முகவரியை அதில் போட்டால் என்ன மிஞ்சும்? வார்னிங் வந்தது உண்மைதான். ஏற்கெனவே வார்னிங் மழை பொழிந்த கோடு அது, யார் பார்த்தது! தப்பான முகவரியைத் தொட்டு புரோகிராம் நின்றுபோகும் செக்மென்டேஷன் ஃபால்ட்டைத் துரத்தியே ஒரு நாள் போனது. (ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு முதல் இது பிழையாகவே நின்றுவிடும்.) டைப்டெஃபாக இருந்திருந்தால் இரண்டுமே பாயின்டர்.

ஃபங்ஷன் பாயின்டர், அரே போன்றவற்றில் மாறியின் பெயர் டைப்பின் நடுவே வந்து உட்காரும். அதற்கு மேக்ரோ சாதாரணமாக ஒத்துவராது. டைப்டெஃப் ஸ்கோப்பையும் (பெயர் செல்லும் எல்லையையும்) மதிக்கும்.

டைப்டெஃபிலும் ஒரு பள்ளம் உண்டு. மாற்றக் கூடாது என்று பூட்டும் ‘கான்ஸ்ட்’ சேர்த்து ‘கான்ஸ்ட் சரம் பெயர்’ என்று எழுதினால், மேக்ரோவில் எழுத்துகள் பூட்டப்படும், பாயின்டர் நகரலாம். டைப்டெஃபில் தலைகீழ்: பாயின்டர் பூட்டப்படும், எழுத்துகளை மாற்றலாம். அதனால்தான் நான் ஸ்டாரை டைப்டெஃபுக்குள் ஒளித்து வைப்பதில்லை; எழுதும் இடத்திலேயே தெரியட்டும்.

மேக்ரோ என்றால் முன்னால் ‘அன்சைன்ட்’ (மைனஸ் மதிப்பு இல்லாதது) சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். டைப்டெஃப் அதை விடாது, சரிதான். அன்சைன்ட் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பெயர் வைத்துவிட்டுப் போகலாம்.

சரி, மேக்ரோவுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஒரு பெயர் இருக்கிறதா என்று இஃப்டெஃப் போட்டுச் சோதிக்கவோ, அன்டெஃப் போட்டு நீக்கவோ மேக்ரோவால்தான் முடியும். சி மொழியின் சி99 தரநிலையில் ‘பூல்’ (உண்மை/பொய் டைப்) வந்தபோது ஏராளமான கோடுகளில் ஏற்கெனவே சொந்த ‘பூல்’ இருந்தது. அவை உடையாமல் இருக்க உண்மையான டைப்புக்கு ‘_பூல்’ என்று பெயர் வைத்து, ‘பூல்’ என்பதை எஸ்டிடிபூல் ஹெடரில் மேக்ரோவாக விட்டார்கள். பின்னர் வந்த சி23 தரநிலையில்தான் ‘பூல்’ மொழியின் கீவேர்டு ஆனது.