கார்ல் லுட்ஸ் பாதுகாப்புக் கடிதம் விலைக்கு வருது, அட்வான்ஸ் குடுக்கலாமா?

கேள்வி: பழைய ஆவணங்கள் சேகரிக்கிறேன். 1944ல புடாபெஸ்ட்ல சுவிஸ் அதிகாரி கார்ல் லுட்ஸ் யூதர்கள நாஜிகள் பிடிச்சுட்டுப் போகாம இருக்கக் குடுத்த பாதுகாப்புக் கடிதம் ஒண்ணு ஒரு புரோக்கர் மூலமா வந்திருக்கு. நம்பர் 8,000க்குள்ள இருக்கறதால ஒரிஜினல்தான்னு அடிச்சுச் சொல்றார். நாளைக்குள்ள அட்வான்ஸ் கேக்கறார். நம்பலாமா?

பதில்: பணத்த அனுப்பாதீங்க. நாளைக்குள்ளன்னு அவசரப்படுத்தறதே போதும், நிறுத்திக்கோங்க.

நம்பர் விஷயத்துக்கு வரேன், ஏன்னா இதே கதையச் சொல்லித்தான் பலபேர்கிட்ட காசு பிடுங்கறாங்க. பாலஸ்தீனத்துக்குப் போக 8,000 பேருக்கு அனுமதின்னு ஜெர்மன்காரங்களும் ஹங்கேரி அரசும் ஒத்துக்கிட்டாங்க, லுட்ஸ் அத 8,000 ஆளுன்னு எடுத்துக்காம 8,000 குடும்பம்னு எடுத்துக்கிட்டார், அவங்களுக்குக் குடுத்த பாதுகாப்புக் கடிதங்களோட நம்பர் 8,000 தாண்டாமப் பாத்துக்கிட்டு திரும்பத் திரும்ப ஒண்ணுல இருந்தே ஆரம்பிச்சார். அதனால ஒரே நம்பர் பலர் கையில இருந்திருக்கும். நம்பர் சின்னதா இருக்குங்கறது எதையும் நிரூபிக்காது, "8,000 தான் போட்டாங்க, ரொம்ப அபூர்வம்"ங்கற பேச்சும் நிக்காது.

நீங்களே பண்ணக்கூடிய சோதனை தேதியும் பதவியும். லுட்ஸ் 1895ல சுவிஸ்ல வால்ட்சன்ஹவுசன்ல பொறந்தவர், 18 வயசுல அமெரிக்கா போய் அங்கயே படிச்சு 1920ல வாஷிங்டன் சுவிஸ் தூதரகத்துல வேலைக்குச் சேர்ந்தார், 1935ல பாலஸ்தீனத்துல யாஃபா நகரம், 1942 ஜனவரில தான் புடாபெஸ்ட். அங்க அவர் துணை கான்சல், போர்னால தூதரகம் மூடிப்போன அமெரிக்கா பிரிட்டன் மாதிரி நாடுகளோட நலனப் பாத்துக்கற பிரிவுக்குத் தலைவர். தூதரகத் தலைவர் மாக்சிமிலியன் யேகர். விக்கறவர் "தூதர் லுட்ஸ்"னு எழுதியிருந்தா அவருக்கு விஷயமே தெரியல. சோவியத் படையோட புடாபெஸ்ட் முற்றுகை முடிஞ்சு 1945 வசந்தத்துல லுட்ஸ் ஹங்கேரிய விட்டுட்டார், அதுக்கப்புறம் தேதி போட்டு புடாபெஸ்ட்ல அவர் குடுத்ததா ஒரு காகிதம் வந்தா அப்பவே ஒதுக்கிடுங்க.

காகிதத்த ஒரு புற ஊதா டார்ச்ல காட்டச் சொல்லுங்க. பளிச்சுனு நீல வெள்ளையா மின்னினா அது 1950க்கு அப்புறம் பரவலா வந்த பளபளப்பு ரசாயனம் கலந்த காகிதமா இருக்க வாய்ப்பு அதிகம். மின்னலன்னா ஒரிஜினல்னு அர்த்தம் இல்ல, பழைய வெத்துத் தாளத் தேடிப் பிடிச்சு அச்சடிக்கறவங்க இருக்காங்க.

இப்ப ஒரு விதிவிலக்கு, இத நிதானமாப் படிங்க. "போலி"ன்னு யாராவது சொன்னவுடனே தூக்கி எறியாதீங்க. 1944 அக்டோபர்ல ஹங்கேரி நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சியப் பிடிச்சப்புறம் புடாபெஸ்ட் யூத இளைஞர் தலைமறைவு இயக்கம் இதே கடிதத்த ஏராளமா தாங்களே அச்சடிச்சு ஜனங்களுக்குக் குடுத்தாங்க, அதுல பிழைச்சவங்க நிறைய. நவம்பர்ல அம்புச் சிலுவைக் கட்சிக்காரங்க, யூதர்கள அடைச்சு வச்சிருந்த ஓபுடா செங்கல் சூளைக்கு லுட்ஸையும் அவர் மனைவி கெர்ட்ரூடையும் வரவச்சு, நல்ல கடிதம் எது கள்ளக் கடிதம் எதுன்னு பிரிக்கச் சொன்னாங்க. கள்ளம்னு ஒதுக்கினவங்கள ஆஸ்திரிய எல்லைய நோக்கி நடக்க வச்சாங்க, வழியிலயே செத்தவங்க எத்தனையோ. அப்படிப்பட்ட "போலி" ஒண்ணு உங்க கைக்கு வந்தா அது அசலுக்குச் சமமான சாட்சி, சில சமயம் அசலவிடக் கனமானது. போன வருஷம் கம்ப்யூட்டர்ல அடிச்சது வேற, 1944ல உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு அடிச்சது வேற, இந்த ரெண்டையும் ஒரே வார்த்தையில போட்டுக் குழப்பறவங்ககிட்ட கருத்தே கேக்காதீங்க.

அதனால புரோக்கர்கிட்ட கேக்க வேண்டியது நம்பர் இல்ல, ஆள். கடிதத்துல பேர் இருக்கற அந்த மனுஷர் யாரு, பிழைச்சாரா, காகிதம் யார் யார் கை மாறி வந்துச்சு. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டுக்கும் பெரிய ஸ்கேன் வாங்கிக்கோங்க. லுட்ஸோட தனிப்பட்ட காகிதங்கள் சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழகத்தோட சமகால வரலாற்று ஆவணக் காப்பகத்துல இருக்கு, அரசு கோப்புகள் பெர்ன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துல, எழுதிக் கேளுங்க. பதில் வர நாளாகும், படிவம் மேல படிவம் கேப்பாங்க, இந்த நடைமுறை எனக்கு எரிச்சலத்தான் தருது, நேர்மையாக் கேக்கறவன் மாசக்கணக்கா காத்திருக்கணும், வரலாறே இல்லாத காகிதத்த "உள்ளது உள்ளபடி"ன்னு ஒரு வரி போட்டு ஏலத்துல விக்கறவனக் கேக்க நாதியில்ல. சுவிஸ் அரசே போர் முடிஞ்சு வந்த லுட்ஸ அதிகாரம் மீறினார்னு கண்டிச்சுது, 1964ல இஸ்ரேல்ல இருக்கற யூதப் படுகொலை நினைவு மையமான யாத் வஷேம் அவரக் கௌரவிச்சது, 1975ல பெர்ன்ல செத்துப்போனார், சொந்த அரசு அவர் பேர மீட்டது 1995ல. அந்த அலுவலக வேகத்த மனசுல வச்சுக்கிட்டு இப்பவே எழுதிப் போடுங்க.

கடைசியா ஒண்ணு. கடிதத்துல உள்ள பேர யாத் வஷேம் பெயர்த் தளத்துலயும் தேடுங்க, குடும்பம் யாராவது கிடைச்சா விலை பேசறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க. புரோக்கர் பேர மறைச்சு, ஸ்கேன் தர மறுத்து, பணம் மட்டும் கேட்டா அவர் நம்பர பிளாக் பண்ணுங்க.